சாமிப்பூவுக்கு ஒரு வேலி

விடியற்காலைப் பஸ்ஸில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் பனிக்குள் மெல்ல நகர்ந்தன. முன் சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“களவெடுக்கக்கூடிய வேலியாய் நடுவம்,” என்றார் மனைவி.

“விசரே உமக்கு? முள்ளுக்கிளுவை நட்டால் ஆடும் வராது.”

“அக்காவும் வரமாட்டா. எல்லைச் சண்டையோடை கதையை விட்டவ. பக்கத்து வளவிலை இருந்தும் என்ரை முகம் பாக்கிறேல்லை. செவ்வரத்தை நட்டால் சாமிக்குப் பூப்பிடுங்க எண்டாலும் வேலியடிக்கு வருவா.”

“கேக்காமலோ?”

“சாமிக்குப் பூவை ஆர் கேட்டுப் பிடுங்கினவை?”

அந்தச் செடிகள் நடப்பட்டு வேர்பிடிக்க வேண்டுமென்று நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

“அப்ப உயரவிடாமல் வெட்டிக்கொண்டு நிப்பன்,” என்றார் கணவர். “உம்மடை அக்கா கட்டையெல்லே.”