நீலக் குடைத்துணி

— ஐயோ, ஸ்க்ரூவைக் கழட்டாதீங்க மேடம்! பார்த்தாலே வருஷம் சொல்லிடுவீங்கன்னாங்களே?

— பார்த்துச் சொல்றவன் ஜோசியக்காரன். நான் டிரம் ரிப்பேர் பண்றவ. கையை எடுங்க.

— நேத்துதான் வாங்கினேன் மேடம். அறுபதுகள்ல செஞ்ச ஸ்னேர் டிரம்னு சத்தியம் பண்ணாரு அந்த ஆளு. பொய்யின்னா நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்.

— இங்க பாருங்க. மேல ஒட்டின மினுமினு ஷீட்டு மஞ்சளாயிடுச்சு. தோலை இழுத்துப் பிடிக்கிற இந்த லக்கைக் கழட்டினா, அடியில இன்னும் வெள்ளி மாதிரி பளபளக்குது. வெளிச்சமே படாத இடம். ஷீட்டு பழசுதான்.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க.

— பொறுங்க, பொறுங்க. மொத்தம் எட்டு லக். ஏழுக்கு ஓரம் கூர்மை, உள்ள ஸ்பிரிங். எட்டாவதுக்கு ஓரம் மழுங்கல். பத்து வருஷம் கழிச்சு வந்த சாமான். உள்ள ஸ்பிரிங்குக்குப் பதிலா...

— என்ன அது, நீலத் துணி? மேடம்? ஏன் உக்காந்துட்டீங்க?

— குடைத்துணி. லக்கு கடகடக்காம இருக்க, என் குடையைக் கிழிச்சு நான் அடைச்சது.

— உங்க கைக்கு வந்த டிரம்மா? அதான் அந்த ஆளு, “யாருகிட்ட வேணா காட்டு, மாடிப்படிக்குக் கீழ கடை வெச்சிருக்காளே, அவகிட்ட மட்டும் காட்டாதே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது”ன்னாரு! அப்படிச் சொன்னதாலதான் நேரா இங்க வந்தேன்.

— இடது புருவத்துல வெட்டுத் தழும்பா?

— ஆமா! தெரிஞ்சவரா?

— என் பழைய கடை எரிஞ்சது தெரியுமில்ல?

— ஆறு வருஷம் முன்னாடி. ஷீட்டு உரிக்கிற ஹீட் கன்னை நீங்க அணைக்காமப் போயிட்டீங்கன்னு... மன்னிச்சுக்குங்க, ஊரே சொல்லிச்சு.

— ஊரை விடுங்க. எங்கப்பாவே நம்பிட்டாரு. அன்னையிலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

— அதுக்கும் இந்த டிரம்முக்கும் என்ன மேடம்?

— அன்னிக்குச் சாயங்காலம் நான் செஞ்ச கடைசி வேலை இந்த எட்டாவது லக். மாட்டி, அலமாரியில வெச்சு, கடையைப் பூட்டினேன். விடியறதுக்குள்ள எல்லாம் சாம்பல்.

— அப்ப இது மட்டும் எப்படி முழுசா வெளிய வந்துச்சு?

— பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு, அன்னிக்கு ராத்திரி ஊர்லயே இல்லேன்னு சொன்ன எங்கண்ணன்கிட்ட.

— புருவத்துல தழும்பு... அவரா?

— டிரம்மைத் தூக்குங்க சார். மாடியிலதான் அப்பா இருக்காரு. நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, நீங்க கூப்பிடுங்க.