எட்டு வருச மூச்சு

— ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க சடையண்ணா, இன்னும் இன்னும்... போதும். மூக்குலருந்து கிளிப்ப எடுத்துடுங்க.

— அப்பாடா! மூணு தபா ஆயிடுச்சு தேவிப்ரியாம்மா. மிஷினுக்கு இன்னும் போதலியா?

— மூணு தடவையும் ஒரே அளவுதான்ணா. ஆனா கம்மியா இருக்கு. எழுபத்தெட்டு பர்சென்ட்.

— எப்பிடிம்மா கம்மியாவும்? எங்க வூட்டுக்காரரு பீடியத் தொட்டதே இல்ல. பௌர்ணமிக்கு பௌர்ணமி மலைய சுத்தறாரு, ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்க மாட்டாரு.

— அதனாலதான்கா கூப்பிட்டோம். பொகை பிடிக்காதவங்க, ஆரோக்கியமா இருக்கறவங்க, இவங்களுக்கு மூச்சு எவ்ளோ இருக்கும்னு நம்ம ஜில்லா ஆளுங்ககிட்ட அளக்கறோம். அம்பது வயசு ஆம்பளைக்கு, அண்ணன் உயரத்துக்கு, ஊதற மொத செகண்ட்லயே ரெண்டு லிட்டர் எண்ணூறு வரணும். இவருக்கு ரெண்டு இருநூறுதான் வருது. எம்பதுக்குக் கீழ போனா நார்மல்னு எழுத முடியாது.

— அப்ப நெஞ்சுல எதுனா இருக்குதா?

— தெரியலக்கா. எக்ஸ்ரே எடுக்கணும். டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரேன்.

— ஐயோ, எங்க மாமனாரு இருமி இருமியே போனாரும்மா! நாளைக்கே வேலூரு போலாங்க. கொல்லைல மல்லாட்ட புடுங்கறது கெடக்கட்டும்.

— ரேணு, எனக்கு ஒண்ணும் இல்ல. அழுவாத.

— பின்ன மிஷினு பொய் சொல்லுதா?

— சும்மா இருடி. ஏம்மா தேவிப்ரியா, இதுல வயசு எதுக்குப் போடற?

— வயசு ஏற ஏற மூச்சு கொஞ்சம் கொஞ்சமா கொறையும்ணா. அத வச்சுத்தான் எவ்ளோ வரணும்னு மிஷின் கணக்குப் போடும்.

— அப்ப அம்பத்தெட்டுனு போட்டுப் பாரு.

— ஆதார்ல அம்பதுதானே இருக்கு?

— ஆதார்ல அப்பிடித்தான் இருக்கும். நீ போடும்மா.

— போட்டுட்டேன்... எம்பத்தஞ்சு. நார்மல்தான்ணா.

— கேட்டியா ரேணு? எனக்கு நோவு இல்ல.

— கட்டிக்கறப்ப இருபத்தாறுனு சொன்னீங்க.

— முப்பத்திநாலுனு சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு எங்கம்மா கொறச்சு சொல்லிடுச்சு. அப்பறம் எல்லாத்துலயும் அதையே எழுதிட்டேன். இருபத்திநாலு வருசமா சொல்லலாம்னு பாக்கறது, வாய் வராது. இன்னிக்கு நீ பயந்து அழுதது தாங்கல.

— நோவு இல்லல்ல?

— இல்ல.

— அது போதும்.

— எம்மேல கோவமா இருக்கியா?

— அக்கா, நீங்களும் பேர் குடுத்திருக்கீங்க. இப்ப ஊதறீங்களா, இல்ல இன்னொரு நாள் வரீங்களா?

— இப்பவே ஊதறேன்.

— ரேணுகாம்பாள், அடி அண்ணாமலை. வயசு நாப்பத்திரெண்டு. சரியா?

— முப்பத்தெட்டுனு போடும்மா.

— முப்பத்தெட்டா? ஏய் ரேணு... அப்ப கட்டிக்கறப்ப உனக்குப் பதினாலா?

— ஆமா. பதினெட்டுனு சொல்லச் சொல்லி எங்கப்பா அடிச்சாரு. ஒம்பதாவது முழுப் பரிச்ச, கணக்கு மட்டும் பாக்கி இருந்துச்சு. ஊதட்டுமாம்மா?