ஜோனதனின் நெற்றிக் கோடுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரப் பொதுமக்களுக்கும், தோல் ஏற்றுமதிப் பெருமக்களுக்கும், திருமணமாகவிருக்கும் இளைஞர் சமுதாயத்துக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிப்பது என்னவென்றால்: நீண்ட ஆலோசனைக்கும் கடும் மன உளைச்சலுக்கும் பிறகு, ஆம்பூர் சுடர் ஸ்டூடியோ தன்னுடைய போட்டோஷாப்பை நாலாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்புக்கு உயர்த்திக்கொண்டது. இது நடந்தது 2004 ஜனவரியில்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

நீங்கள் கேட்டது, 'காணவில்லை' நோட்டீசில் இருக்கும் முகம் ஏன் என் முகம் மாதிரி இருக்கிறது என்று. பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய மறுநாளே மூன்று பேர் ஸ்டேஷனுக்கு வந்து, "இவுரு எங்க சார் காணாம போனாரு? இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனாரு, சுடர் ஸ்டூடியோ காசிநாதன்" என்று சொன்னார்களாமே. இருபத்தைந்து வருஷத் தொழிலில் என் வேலையை இவ்வளவு கூர்ந்து யாரும் பார்த்ததில்லை.

நோட்டீசில் இருப்பது ஜோனதன். தொண்ணூற்றாறில் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தான். அப்பா இல்லை. ரெனிட்டா என்று ஒரு தங்கை. அம்மா பெயர் இன்பம், ஆஸ்பத்திரி நர்ஸ். அதனால் ஊர் முழுக்க அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மகன் உயிரோடு இருக்கிறானா, வருவானா என்பது ஒன்றுதான் சிஸ்டருக்கு வேண்டும். எட்டு வருஷமாக அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

எங்கள் தொழிலைப் பற்றி உயர்வான எண்ணம் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தோல் முதலாளிக்குக் காணாமல் போயிருந்த கழுத்தை மீட்டுக்கொடுத்தோம். ஒரு கவுன்சிலருக்குத் தலைமுடி கொடுத்தோம். அவர் கட்சி மாறியபோது கரைவேட்டியின் நிறத்தை மட்டும் மாற்றினோம், சிரிப்பை மாற்றத் தேவைப்படவில்லை. ஒரு நற்செய்திக் கூட்டத்தின் காலி நாற்காலிகளில் ஆட்களை உட்காரவைத்தோம். பின்வரிசையில் ஒரே மனிதர் நான்கு இடங்களில் இரட்சிக்கப்பட்டார்.

'செய்தோம்' என்கிறேன். செய்தது ஜோனதன். நான் கல்லாவில் இருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "தம்பி இல்லியா? அப்ப அப்புறமா வர்றேன்" என்று போய்விடுவார்கள். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் யார் அப்படிச் சொன்னார்கள், அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் அவன் புதிய பதிப்பின் பேச்சை எடுத்தான்.

"ண்ணா, அஞ்சு வந்துட்டுது. நாலுல தப்பு பண்ணா ஒரு தடவதான் பின்னால போவ முடியும். அஞ்சுல இருவது தடவ போலாம்."

"ஒழுங்கா வேலை செய்றவனுக்கு ஒரு தடவையே ஜாஸ்தி."

"நீங்க ஒழுங்காத்தான் செய்றீங்க. இந்தப் பொண்ணு மூக்கு இன்னாண்ணா ஆச்சு?"

மகளின் கல்யாண ஆல்பத்துக்காக வந்திருந்த நசீமுன்னிசா அங்கே உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "பாவம் உடு பேட்டா, மாஸ்டருக்கு பேஜார் குடுக்காத" என்றார். அந்தப் 'பாவம்' எனக்கு அவசியமில்லாதது.

புதிய பதிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். நிதானமாக யோசித்து எடுத்த முடிவு. இருப்பது போதும் என்பது ஒரு நல்ல குணம்தானே.

அந்த மார்ச்சில் பாலாற்று ஓரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தோல் கழுவிய கழிவுநீர் போய்ச் சேரும் தொட்டியைப் படம் எடுத்து, தண்ணீரை நீலமாக்கித் தரவேண்டும். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேல் திடீரென்று அன்பு வந்திருந்தது; அதைப் புகைப்படமாகப் பார்த்தாலே போதும் என்ற அளவுக்கான அன்பு. இரண்டு பேரும் போனோம். நான் திரும்பி வந்தேன்.

தொட்டியைப் பிறகு சொல்கிறேன். நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலாம் பதிப்பில் நானே உட்கார்ந்து நீலம் ஏற்றினேன். வேட்டிக்குப் போடும் சொட்டுநீலம் மாதிரி வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. டேனரியின் விளம்பரப் புத்தகத்தில், வழுவழுத் தாளில் அச்சாகி வெளிநாட்டுக் கண்காட்சிக்கெல்லாம் போய்வந்தது.

டேனரிக்குப் போய்வந்த மறுநாள் சிஸ்டர் டியூட்டி முடிந்து, புடவை கூட மாற்றாமல் நேராகக் கடைக்கு வந்தார்.

"எங்க தம்பி அவன்? ராத்திரி ஊட்டுக்கே வரல."

"மெட்ராஸ் போறேன்னான் சிஸ்டர். புது சாப்ட்வேர் வாங்கணுமாம். அப்டியே பம்பாய்ல வேலை பாத்துக்கிறேன்னான். என்மேல கோவம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?"

"வயசு அப்டி."

"போலீஸ்ல சொல்லட்டா?"

"சொன்னீங்கன்னா வீம்புக்கே வரமாட்டான். உங்க புள்ள, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் தலையாட்டினார். தேங்க்ஸ் தம்பி என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவ்வப்போது, தாராவிக்குத் தோல் வியாபாரத்துக்குப் போன ஒருவர் அவனைப் பார்த்தார், இளைத்திருக்கிறான், ஆனால் நன்றாக இருக்கிறான் என்று நானே சொல்லிவைத்தேன். கேட்கிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது என் பழக்கம்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் புதுத் துணியோடு குடும்பமாக வந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷமும் வந்தார்கள். தாயும் மகளும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றார்கள். "இங்க அவன வச்சிடுங்க தம்பி. வந்து பாத்தா, என்ன உட்டுட்டு எடுத்துக்கினீங்களேன்னு சண்டை போடுவான்." அவன் இருந்தபோது நான் எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்று இருந்தது. அதிலிருந்து தலையை எடுத்து, என் அண்ணன் மகன் உடம்பின் மேல் வைத்து, அந்த இடத்தை நிரப்பினேன். சிஸ்டர் பிரேம் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, சட்டையின் மடிப்பைச் சரிசெய்வதுபோலத் தடவினார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சட்டையை மட்டும் மாற்றினேன். இப்படியே போயிருக்கும். ஆனால் ரெனிட்டா வளர்ந்துகொண்டே இருந்தாள். 2003-ல் தங்கை அண்ணனைத் தாண்டிவிட்டாள். படத்தைக் கையில் வாங்கிய சிஸ்டர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இவனுக்கு மட்டும் வயசே ஆவல பாருங்க தம்பி. செத்தவங்களுக்குத்தான் ஆவாது. எனக்கு இதப் பாக்கவே பயமா இருக்கு. இவனுக்கும் கொஞ்சம் வயசு ஏத்துங்க."

இங்கேதான், ஐயா, நான் தொடக்கத்தில் அறிவித்த அந்த மாபெரும் பிரச்சினை வருகிறது.

நாலாம் பதிப்பில் சுருக்கம் வைத்தால் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியதுபோலத் தனியாகத் தெரியும். ஏழில் ஒரு பிரஷ் இருக்கிறதாம். ஒரு தோலின் கோடுகளை எடுத்து இன்னொரு தோலின் நிறத்தோடு அதுவே கலந்துவிடுமாம். வாங்கினால், அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். வாங்காவிட்டால், அவன் செத்துவிட்டான் என்று அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்வார்கள். என்னிடம் இருந்தது இந்தக் கேள்வி மட்டும்தான்: நாலா, ஏழா?

கடைசியில் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஒரு திருட்டு சிடி வாங்கிவந்தேன். ஒரு தாயின் கண்ணீருக்காக என் கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோடுகளுக்கு யாராவது ஒருவரின் தோல் வேண்டும். வாடிக்கையாளரின் தோலை அவருக்குத் தெரியாமல் எடுப்பது தொழில் தர்மம் அல்ல. அதனால் என்னையே படம் எடுத்து, என் தோலை எடுத்துக்கொண்டேன். முதலில் கண்ணோரம். அடுத்த வருஷம் நெற்றி. அதற்கடுத்த வருஷம் கழுத்து மடிப்பு. போன வருஷம் காதோரத்து நரையில் கொஞ்சம். புதிய பிரஷ் அற்புதமாக வேலை செய்தது. கண்களை மட்டும் நான் தொடவில்லை. அவை பாஸ்போர்ட் படத்தில் இருந்தவை. பாஸ்போர்ட் படத்தில் எல்லாரும் லென்ஸைத்தான் பார்ப்பார்கள். லென்ஸுக்குப் பின்னால் அன்றைக்கு நின்றது நான்.

அதிலிருந்து ஒரு சின்னத் தொந்தரவு. காலையில் சவரம் செய்யும்போது நெற்றி என்னுடையது, கன்னம் என்னுடையது. நடுவில் இருப்பது யார் என்பதில் தெளிவில்லை. இப்போதெல்லாம் சலூன் வாசலில் உட்கார்ந்துதான் சவரம் செய்துகொள்கிறேன், கண்ணாடி வேண்டாம் என்று பார்பரிடம் சொல்லிவிட்டு. ஒரு நாள் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும், கறுத்த திரையில் அவன் இருந்தான். பிறகுதான் அது என் பிரதிபலிப்பு என்று புரிந்தது. அதனால் நிம்மதி ஒன்றும் வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் படத்தை வாங்கிக்கொண்ட சிஸ்டர் சிரித்தார். "உங்க நெத்தி மாதிரியே வந்துட்டுது பாருங்க தம்பி. கூடவே இருந்தவன் இல்ல, சாயல் ஒட்டிக்கிச்சு."

இந்த வருஷம் ரெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் வராமல் மோதிரம் மாற்றமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். எட்டு வருஷமாகத் தாய் கேட்ட என் பேச்சை மகள் கேட்கவில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் அதை ஒட்டினீர்கள். ஊர் என்னைக் காட்டியது.

இப்போது தொட்டி.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலை விடுமுறை. வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தொட்டியின் மேல் கசடு காய்ந்து, வெடிப்புவிட்டு, தரை மாதிரியே இருந்தது. ஜோனதன் வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளைத் தெர்மகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னேன். அவன் பேசிக்கொண்டே போனான். வாணியம்பாடியில் தனியாகக் கடை போடுகிறானாம். அஞ்சாம் பதிப்போடு கம்ப்யூட்டர் போட்டுத்தர ஆள் கிடைத்துவிட்டாராம்.

"கோச்சிக்காதீங்கண்ணா. உங்களுக்கு நாலே போதும்."

கரை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் மறுபடியும், இன்னும் கொஞ்சம் என்றேன்.

மார்பளவு இறங்கினான். முதலில் சிரித்தான். "கை குடுங்கண்ணா" என்றான். கை எட்டும் தூரம்தான். அப்புறம் சிரிக்கவில்லை, கை குடுங்கண்ணா, கை குடுங்கண்ணா என்பதையே சொன்னான். கடைசியில் என்னை விட்டுவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டான். கசடு மெதுவாகக் கூடி மூடிக்கொண்டது. அட்டை மட்டும் மேலே கிடந்தது. அதைக் கம்பால் இழுத்து எடுத்துவிட்டேன், படத்தில் விழும் என்பதால். புத்தகத்தில் வந்த படம் அதற்குப் பிறகு எடுத்தது. வெயில் நன்றாக இருந்தது.

தொட்டியை இரண்டாயிரத்தில் மண் போட்டு மூடி, மேலே சரக்குக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். வடக்கு மூலையில் தோண்டச் சொல்லுங்கள்.

நான் தள்ளவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கையை நீட்டாததற்கும் காரணம் இருக்கிறது. கையில் கேமரா இருந்தது. வாடகைக் கேமரா. கீழே வைக்கலாம் என்றால் சுற்றிலும் சேறு. எட்டு வருஷமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிவருகிறேன். சொல்லச் சொல்ல அதன் எடை கூடக் கையில் தெரிகிறது.

கேமரா ஸ்டாண்டில் இருந்தது.