பூவராகன் கழற்றிய மோதிரம்

...சந்தேகம்னு பேச்சு வந்துட்டதால, ஒரு குட்டிச் சங்கதி சொல்லிடறேன், கேளுங்க. என் நண்பர் ஒருத்தர். பேரை மட்டும் மேடையில சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கார். அதனால சொல்ல மாட்டேன். பூவராகன்!

வயசு ஐம்பத்திரண்டு. தொப்பை... என்னுதுக்கு ஒரு சுற்று கம்மி. டாக்டர் நடக்கச் சொன்னார். நாமன்னா தெருமுனை வரைக்கும் போய், பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பிடுவோம். இவர் கொடைக்கானலுக்கு மேலே, ஏரிக்கரையில இருக்கிற ஒரு ஊருக்குப் போயிட்டார். கரையில டீ குடிச்சார். தன்னந்தனியா மலையேற ஆரம்பிச்சார்.

மேலே பூரா புல்வெளி. காத்து. கீழே தட்டு மாதிரி ஏரி. ஆஹான்னு திரும்பிப் பார்த்தா... பின்னாலே ஒருத்தன்! கம்பளி போர்த்தியிருக்கான். கையில அரிவாள்.

இவர் நின்னா அவன் நிக்கிறான். இவர் உட்கார்ந்தா அவனும் உட்கார்றான். இவர் பொட்டலத்தைப் பிரிச்சு எலுமிச்சைசாதம் சாப்பிட்டார். அதைப் பார்த்து அவன் சிரிக்கிறான்! மனுஷன் சாப்பிடறதைப் பார்த்து எவனாவது சிரிப்பானா? இவர் சரிவுப் பக்கம் போனா மட்டும் 'க்கும்'னு ஒரு இருமல்.

பூவராகன் என்ன நினைச்சிருப்பார்? நீங்க என்ன நினைப்பீங்களோ, அதேதான். "ஆஹா, கூட்டாளிக்கு சிக்னல் குடுக்கறான்!"

உச்சிக்குப் போயாச்சு. ஒரு பாறை. அதுக்கப்புறம் பாதாளம். அங்கே நின்னுக்கிட்டு, நைசா கல்யாண மோதிரத்தைக் கழட்டினார். வாட்ச்சைக் கழட்டினார். எல்லாத்தையும் சாக்ஸுக்குள்ள ஒளிக்கலாம்னு ஷூவையும் கழட்டினார்...

அவ்வளவுதான்! அவன் அரிவாளை வீசி எறிஞ்சுட்டு ஓடி வந்து, பின்னாலேருந்து இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சு, பூவராகனைப் புல்லுல சாய்ச்சுட்டான்!

"எடுத்துக்கோப்பா! மோதிரம், வாட்ச் எல்லாத்தையும் எடுத்துக்கோ! என்னை விட்டுடு!"

"மோதிரம் எனக்கு என்னத்துக்குண்ணே? அண்ணி கூட சண்டைன்னா பேசித் தீத்துக்கலாம்ணே... குதிச்சிராதீகண்ணே!"

"குதிக்கறதா? யோவ், நான் காத்து வாங்க வந்தேன்யா!"

"தனியாவா? டீக்கடையில என்ன கேட்டீக? 'ரொம்ப உசரமான இடம் எது, அங்க ஆள் நடமாட்டம் இருக்காதே'ன்னு கேட்டீகளா இல்லையா? 'போனை அமத்திட்டேன், இனிமே யாரும் என்னைத் தேட முடியாது'ன்னு சொன்னீகளா இல்லையா? புல்லறுக்கப் போற சோலியை விட்டுட்டு அப்ப இருந்து பின்னாலயே வாரேன். நீங்க சோறு தின்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. கடைசியில மோதிரத்தைக் கழட்டுறீக, செருப்பைக் கழட்டுறீக... சாகப் போறவுகதானண்ணே இப்படி எடுத்து வச்சுட்டுப் போவாக!"

அவர் பேரு குழந்தைவேலு. கீழே டீக்கடை வர்ற வரைக்கும் பெல்ட்டை விடவே இல்லை. இவர் சொன்ன எதையும் அவர் நம்பலை. பூவராகன் மட்டும் ஒழுங்கா? வழியெல்லாம் பாக்கெட்டுல மோதிரம் இருக்கான்னு தடவிப் பார்த்துக்கிட்டேதான் இறங்கினாராம்!

சிரிக்கிறீங்க. நான் சந்தேகப்படாதீங்கன்னு உபதேசம் பண்ண வரலை. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை. புதுச் செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்திருக்கேன். அதோ அந்த ஜன்னல் வழியா எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன்னு முன்வரிசைக்குத் தெரியும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க... அந்த மலையில, பூவராகன் உயிரோட திரும்பணுமேன்னு தவிச்சது யாரு? யாரைப் பார்த்து அவர் நடுங்கினாரோ, அந்த ஆளு! அரை நாள் ஒரே பாதையில நடந்தாங்க ரெண்டு பேரும். இவர் அவரைத் திருடன்னு முடிவு பண்ணிட்டார். அவர் இவரைச் சாகப் போறவர்னு முடிவு பண்ணிட்டார். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசிக்கலை.

உங்க பின்னாலயும் யாராவது வந்துக்கிட்டிருப்பாங்க. பயமா இருந்தா பயப்படுங்க. ஆனா திரும்பி நின்னு, "என்னப்பா, எதுவரைக்கும்?"னு கேட்டுட்டு அப்புறமா பயப்படுங்க. 'நீங்க பத்திரமா வீடு திரும்பற வரைக்கும்'னு பதில் வந்தாலும் வரும்.