வலது முன்கையில் ஒரு மச்சம்

சாமிதுரை: இல்லம்மா... இங்கேயும் காணோம். இன்னும் கொஞ்சம் திருப்பு.

கண்ணகி: இதுக்கு மேல திருப்புனா கை கழண்டுரும் சார்.

சாமிதுரை: வெளிச்சத்துக்கு நேரா காட்டு. ஆங்... அதோ... இல்ல, அது மையி.

நைனா: ஏம்மா கண்ணகி, ஒரு மச்சத்தைத் தேட எவ்வளவு நேரந்தான் ஆகும்? கேமரா தோளைத் தின்னுருச்சு. நாலு மணிக்கு லெப்பைக்குடிக்காட்டுல ஒரு நிக்காஹ் வீடியோ எடுக்கணும். நான் போகலேன்னா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க என்னை உரிச்சுருவாங்க.

கண்ணகி: இன்னும் கொஞ்ச நேரம் நைனா அண்ணே. நிறுத்தாம எடுக்கணும். நடுவுல வெட்டுனா எங்க காலேஜுல ஒத்துக்க மாட்டாங்க.

நைனா: ஓவியக் காலேஜுன்னியேன்னு, ஏதோ பூ, மலை, கோயிலுன்னு எடுப்பேன்னு வந்தேன். இப்புடிக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா மெட்ராஸ்ல மேல்படிப்பு?

கண்ணகி: வீடியோவுலயும் வரையலாம் அண்ணே. கடைசி வருஷம் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் காட்டணும். என் உடம்பு, நான் யாரு... அதைப் பத்தி. திங்கக்கிழமை கடைசி நாளு.

நைனா: மத்தவங்க என்னத்த எடுத்தாங்களாம்?

கண்ணகி: ஒருத்தன் முக்கால் மணி நேரம் சவரம் பண்ணிக்கிறான். ஒருத்தி சுவத்துல விழுற தன் நெழலுக்குச் சேலை கட்டி விடுறா.

நைனா: யா அல்லாஹ்... இதுக்குப் பட்டம் வேற குடுக்குறாங்களா? எங்கண்ணன் இந்தக் கேமராவை சவூதியிலேர்ந்து மடியில வச்சுக் கொண்டாந்தது இதுக்குத்தானா?

சாமிதுரை: நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. குனிஞ்சு குனிஞ்சு எனக்குத்தான் கழுத்து ஒடிஞ்சுபோச்சு. ஏம்ப்பா நைனா, நான் தெளிவா விழுறேனா? சலவைச் சட்டை போட்டிருக்கேன்.

நைனா: விழுறீங்க சார். சுத்தமா விழுறீங்க.

சாமிதுரை: அப்ப எதுக்கு எம் முதுகுப் பக்கம் வந்து நிக்கிற?

நைனா: அது... ஜன்னல் வெளிச்சம் இங்கேர்ந்துதான் சார் சரியா இருக்கு. நீங்க பாட்டுக்குத் தேடுங்க.

கண்ணகி: சார், அந்த வரியை இன்னொரு தடவை படிங்க. புக்கை நான் விரிச்சுப் புடிச்சுக்கிறேன்.

சாமிதுரை: எத்தனை தடவம்மா? 'அங்க அடையாளங்கள். ஒன்று, வலது முன்கையில் ஒரு மச்சம். இரண்டு, கழுத்தின் இடப்பக்கம் ஒரு மச்சம்.' எழுபத்தெட்டாம் வருஷம், எஸ்.எஸ்.எல்.சி. புக்கு, நாந்தான் வகுப்பு வாத்தியாரு. எங் கையெழுத்துதான், இல்லேங்கல. அச்சடிச்ச மாதிரி இருக்கு பாரு.

கண்ணகி: எழுத்து நல்லாத்தான் இருக்கு சார். மச்சத்தைத்தான் காணோம்.

சாமிதுரை: மச்சம்கிறது... மறையுறதும் உண்டும்மா.

கண்ணகி: எட்டு வருஷத்துலயா? ரெண்டுமா?

சாமிதுரை: இல்ல... நீ கொஞ்சம் நெறம் கம்மி. வெயில் பட்டு, அதோட இதுவும் ஒண்ணாக் கலந்து...

கண்ணகி: நெறமா சார்?

சாமிதுரை: தப்பா சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன்.

நைனா: சார், ஒரு லாரிக்காரன் வுடாம ஆரன் அடிச்சுக்கிட்டுப் போறான், நீங்க சொன்னது அதுல அமுங்கிப் போச்சு. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க.

சாமிதுரை: வேணாம் வேணாம். வுடு.

கண்ணகி: போன வருஷம் டிராயிங் டீச்சர் வேலைக்குக் கூப்புட்டாங்க சார். எல்லாம் பாத்துட்டு, கடைசியா கையைக் காட்டுன்னாங்க. காட்டுனேன். கழுத்தையும் காட்டுனேன். 'யார் புக்கையோ எடுத்துக்கிட்டு வந்திருக்கே'ன்னு வெளியில அனுப்பிட்டாங்க. நாந்தான் கண்ணகின்னு அழுது பாத்தேன். ஒருத்தரும் நம்பல. நீங்க எழுதுன மச்சம் இருந்தாத்தான் நான் நானாம். எனக்கு அன்னைக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு சார், இன்னும் அடங்கல.

சாமிதுரை: அதான் எழுத்துப் பிசகுன்னு ஒரு லெட்டர் தரேங்குறேன். அதையும் வேணாங்குற. கேமராவைக் கூட்டிக்கிட்டு வந்து, தேடுங்க தேடுங்கன்னா?

கண்ணகி: எழுதுனவரு நீங்க. நீங்கதான் சார் தேடித் தரணும்.

நைனா: எனக்கெல்லாம் அந்தக் கவலையே இல்ல. எம் மச்சம் எழுதுன எடத்துலேயே இருக்கு. சாருக்கு ஞாபகம் இருக்கா? நான் கண்ணகிக்கு ரெண்டு வருஷம் முந்தி. எங்க மாமா இங்க பாடாலூர்ல கடை வச்சிருந்தாரு, அவரு வூட்டுல தங்கிப் படிச்சேன்.

சாமிதுரை: ஏன் ஞாபகம் இல்லாம? கடைசி வரைக்கும் கணக்கு வராத பய.

நைனா: அதே பயதான். தாவாக்கட்டையைப் புடிச்சுத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, 'இருக்குடா, கீழ்த்தாடையில'ன்னு எழுதுனீங்க. உங்க வெரல்ல இருந்த சாக்பீசு ஒட்டிக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் நரைச்ச தாடியோட திரிஞ்சேன்.

சாமிதுரை: ஹஹ... அப்புடியா பண்ணேன்? பாத்தியாம்மா, நான் எவ்வளவு கவனமா எழுதியிருக்கேன்.

கண்ணகி: எல்லாருக்கும் அப்புடித்தான் பாத்தீங்களா சார்?

சாமிதுரை: பின்ன? எல்லாருக்குந்தான்.

கண்ணகி: பச்சையம்மாளுக்கும் வலது முன்கையில மச்சம்.

சாமிதுரை: இருக்கும்.

கண்ணகி: அங்கமுத்துக்கும் வலது முன்கை. செல்லக்கண்ணுக்கும் வலது முன்கை. இருசம்மாளுக்கும். எங்க காலனியிலேர்ந்து அந்த வருஷம் பரீட்சை எழுதுனது பதினோரு பேரு சார். வூடு வூடாப் போயி புக்கை வாங்கிப் பாத்தேன். பதினோரு பேருக்கும் வலது முன்கை, கழுத்தோட இடப்பக்கம். ஒருத்தருக்குக்கூட அங்க மச்சம் இல்ல.

நைனா: சார், அசையாதீங்க. அப்புடியே நில்லுங்க.

சாமிதுரை: இருப்பா நீ வேற. ஏம்மா, இதைக் கேக்கத்தான் வந்தியா? மொதல்லயே சொல்லியிருந்தா...

கண்ணகி: உள்ளயே விட்டிருக்க மாட்டீங்க. சரி சார், இன்னும் ஒரே ஒரு தடவை. கையைப் புடிச்சு, தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாட்டியும் வெரலுக்குத் தட்டுப்படும்.

சாமிதுரை: கண்ணாடி போட்டிருக்கேன்ல. நல்லாத் தெரியுது.

கண்ணகி: புடிச்சுத் திருப்புனா இன்னும் நல்லாத் தெரியும்.

சாமிதுரை: நீயேதான் திருப்புறியே.

நைனா: சார், எனக்கு மணியாகுது. ஒரு தடவை புடிச்சுப் பாத்துட்டீங்கன்னா எல்லாரும் கெளம்பலாம்.

சாமிதுரை: தொணதொணக்காதீங்கப்பா ரெண்டு பேரும். அன்னைக்கு என்ன நெலமைன்னு உங்களுக்கு என்ன தெரியும்? அறுபது புள்ளைங்க. எச்.எம். சாயங்காலத்துக்குள்ள புக்கு எல்லாம் மேசைக்கு வரணுங்குறாரு. இவங்க எல்லாம் கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க. எதையாவது எழுதித்தானே ஆகணும். மச்சம் யாருக்குத்தான் இல்ல? இருந்த எடத்துலேர்ந்தே எழுதிட்டேன்.

கண்ணகி: எங்களைக் கூப்புட்டிருந்தா நாங்க முன்னாடி வந்திருப்போமே சார்.

சாமிதுரை: வந்திருப்பீங்க. வந்தா... புடிச்சுப் பாக்கணும்ல.

கண்ணகி: புடிச்சா என்ன சார்?

சாமிதுரை: அன்னைக்கு ஊரு அப்புடி இருந்துச்சும்மா. என்னையும் வளத்தது அப்புடி. இப்ப நான் மாறிட்டேன். மாறலேன்னா உன்னைக் கூடம் வரைக்கும் விடுவேனா? காப்பி குடுக்கச் சொன்னேன்ல?

கண்ணகி: குடுத்தாங்க சார். குடிச்சேன்.

சாமிதுரை: அப்பறம் என்ன? உங் கையைப் புடிக்க எனக்கு என்ன இருக்கு? இந்தா, புடிச்சே பாக்குறேன். ஏம்ப்பா, அதை மொதல்ல நிறுத்து. பிள்ளையோட கையை இவ்வளவு நேரம் படம் எடுத்தது போதும்.

கண்ணகி: நிறுத்திருங்க அண்ணே, முடிஞ்சுது. என் கையில மச்சம் இல்லைன்னு எனக்குத் தெரியும் சார், அதை எடுக்க நான் கேமரா கொண்டாரல. அண்ணன் உங்க முதுகுப் பக்கம் நின்னு ஆரம்பத்துலேர்ந்து உங்க கையைத்தான் எடுத்துக்கிட்டிருக்காரு. முப்பத்தெட்டு நிமிஷம்... ரெண்டையும் பின்னால கட்டுனது கட்டுனபடியே நிக்கிறீங்க.