எச்சம் சுமக்கிறவன்

— அசையாத, ஹேசல்! ஆண் சிட்டு, நான் சுவத்துல மாட்டின கூட்டுப் பெட்டியில இருந்து வெளிய வரான். வாயில பாரு, வெள்ளையா ஒரு உருண்டை!

— என்ன கருமம் அது, ட்ரெவர்?

— குஞ்சோட எச்சம். தூக்கிட்டுப் போய் ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு வருவான். காலையில இருந்து நாப்பது தடவை, பாத்துக்கோ.

— த்தூ! குடிச்ச டீ வெளிய வருது.

— முதல் வாரம் முழுங்கவே செஞ்சான்.

— சீ, நிறுத்து!

— இதுல என்ன அருவருப்பு? அப்பன்னா இவன் அப்பன்! ... ஐய, என்ன நாத்தம் இது?

— உன் பொண்ணுதான். இடுப்புல வச்சிருக்கேனே, கண்ணு தெரியல?

— உவ்வே! உள்ள கொண்டு போய்க் கழுவு. சிட்டு மிரண்டுடும்.

— சிட்டு மிரளுதா, நீ மிரளுறியா? எடித் பொறந்து ஏழு மாசம். ஒரு நாள் துடைச்சிருப்பியா? டயப்பரைப் பிரிச்சாலே மூக்கைப் பொத்திக்கிட்டு பைனாகுலரோட தோட்டத்துக்கு ஓடிர்ற. கருமம், உன்னைப் பாத்தாத்தான் எனக்குக் குமட்டுது.

— எனக்கு வயிறு அப்படி, ஹேசல். நான் என்ன பண்ண?

— ஆமா, பெட்டைச் சிட்டு எங்க? ஆளையே காணோம்.

— ஞாயித்துக்கிழமையே போயிட்டா. பக்கத்து வீட்டு மேவிஸோட பூனை. வேலியடியில நாலு இறகுதான் கிடந்துச்சு.

— அடப்பாவமே. அப்ப ஏழு குஞ்சுக்கும்?

— எல்லாம் இவனேதான்! புழு பிடிக்கிறது, ஊட்டுறது, எச்சம் அள்ளுறது. மூணு நாளா ஒத்தை ஆளு. இளைச்சு நாரா போயிட்டான், ஆனா ஒரு குஞ்சைக்கூட சாக விடல பாத்துக்கோ. வெள்ளிக்கிழமை எல்லாம் பறந்துடும்.

— அப்ப அம்மாக்காரி இல்லாட்டியும் அப்பன் ஒருத்தனால முடியும்ங்கிற?

— தாராளமா! மனசு வேணும், அவ்வளவுதான்.

— எப்படிச் செய்யறான்னு மூணு நாளும் நல்லா பாத்தியா?

— ஒண்ணு விடாம! நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்.

— அது போதும். இந்தா, பிள்ளையைப் பிடி.

— ஏய், ஏய்! ஒழுகுது! ஐயோ, சட்டையெல்லாம்... ஹேசல், கோட்டு எதுக்கு இப்ப? வாசல்ல டாக்ஸி யாருக்கு?

— எனக்குத்தான். கார்டிஃப்ல அக்கா வீட்டுக்குப் போறேன். டயப்பர் மாடிப்படிக்குக் கீழ இருக்கு, பால் புட்டி அடுப்பு மேடையில.

— விளையாடாத! நான் ஒருத்தன் எப்படி... எப்பத் திரும்பி வருவ? இவகிட்ட நான் என்ன சொல்றது?

— பூனை வந்துட்டுப் போச்சுன்னு சொல்லு.