மதிவாணன் சாரின் முறை

உங்கள் வீட்டில் பரமபதம் ஆடுவீர்களா, இன்ஸ்பெக்டர் மேடம்? பகடை உருளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிப்பு இல்லை. அதனால்தான் 'கீர்த்தனை' என்ற ஆட்டத்தை உருவாக்கினோம். நான் கணக்கு வாத்தியார், மதிவாணன் சார் பாட்டு வாத்தியார், ஒரே பள்ளிக்கூடம். ராகம், தாளமெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். விதிகள் என்னுடையவை.

ஆட்டம் சுலபம். பலகையில் காவிரி ஓடுகிறது, கரையெங்கும் ஊர்கள். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு வாக்கேயக்காரர், அதாவது பாட்டெழுதி மெட்டும் போடுகிறவர். ராகம், தாளம், சொல் மூன்றும் கைக்குச் சேர்ந்தால் ஒரு கீர்த்தனை. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள அந்த ஊரில் ஒரு சீடன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்று முடிந்ததும் கீர்த்தனை அழிந்துவிடும். அழகாக இல்லையா? இதில் எதுவும் அதிர்ஷ்டத்தால் நடப்பதில்லை. சார் ஆற்றோடு போனதை விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

சென்னைக் கம்பெனி ஒன்று ஆட்டத்தை வெளியிட முன்வந்தது, பகடை சேர்த்தால். சார் என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார்.

"உங்க ஆட்டத்த ஆட டிகிரி வேணும் பஞ்சநதம் சார்," என்று சிரித்தார். "எம் பொண்ணு பாதியிலயே தூங்கிட்டா. பகடையப் போடுங்க, ஜனங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்."

நான் கோபப்படவில்லை. பழைய விதிப்படி கடைசியாக ஒருமுறை ஆடலாம் என்று கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடத்து மணல் திட்டில்தான் ஆடுவோம். தொந்தரவு இருக்காது, கைபேசிகளையும் அணைத்துவிடுவோம். அன்று காலை, மேலணையில் உபரி நீர் திறந்துவிட்டதாக எங்கள் ஊரில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சார் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர் காதில் அது விழவில்லை. அவருக்கு நீச்சலும் தெரியாது. டெல்டாவில் பிறந்துவிட்டு இப்படியா என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

ஆறு எப்படி நிரம்பும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீர் முதலில் மணல்மேல் ஏறாது. கரையோரப் பள்ளத்தில்தான் ஓடும். திட்டில் இருப்பவனுக்குக் கால் நனையும்போது, திரும்பிப் போகும் வழி எப்போதோ அடைபட்டிருக்கும்.

மதியத்துக்கு மேல் அவருடைய வாக்கேயக்காரர் ஓர் ஊரில் மாட்டிக்கொண்டார். கையில் கீர்த்தனை இருந்தது, சீடன் இல்லை.

"தப்பிக்க ஒரு வழி இருக்கு சார்," என்றேன். "அதைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா பகடைக்கு நான் சம்மதம்."

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் அவர் அப்படித்தான். டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். பள்ளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது.

கரைமேல் கடையில் ஒரு டீ குடித்தேன். அவருக்கும் ஒன்று பார்சல் கட்டச் சொன்னேன், சர்க்கரை குறைவாக. திரும்பி வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, நிறமும் மாறியிருந்தது. நடுவில் நாணல் மறைத்ததால் திட்டிலிருந்து அது தெரியாது. நான் கரையிலேயே நின்றேன்.

சார் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"சார், இதுல வழியே இல்ல சார். சும்மா ஏமாத்துறீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பலகையை மடிப்பதற்குக்கூடக் குனிந்துவிட்டார். அந்த நிமிடம் நடந்து வந்திருந்தால் அவர் வேட்டி நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

"இருக்கு சார்," என்றேன். "உக்காந்து நல்லாப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார்.

அடுத்து அவர் என்னைக் கூப்பிட்டபோது பள்ளத்தில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். பல தடவை கூப்பிட்டார், பேர் சொல்லி. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குரல் நிற்கும்வரை அங்கேயே இருந்தேன்.

வழி இல்லை என்று அவர் கண்டுபிடித்தது சரிதான், மேடம். எல்லாப் பக்கமும் நான்தான் அடைத்து வைத்திருந்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அவர் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.